யந்திரம் மாற்றிய காருக்கு ஏற்ற ஹெட்டர்

அமெரிக்காவில் 1960-களிலும் 70-களிலும் ஓடிய பழைய ஷெவர்லே கார்களைப் பேணி வைத்திருப்பவர்கள், அவற்றின் தேய்ந்துபோன யந்திரத்தை இறக்கிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1997-ஆம் ஆண்டு கார்வெட் வண்டியோடு வெளியிட்ட எல்.எஸ். வர்க்கத்து வி-8 யந்திரத்தை அந்த இடத்தில் ஏற்றிக்கொள்வது இன்று மிகச் சாதாரணமான காரியமாகிவிட்டது. இந்த வழக்கம் பரவியதற்குக் காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1999 முதல் அந்தக் கம்பெனி தன்னுடைய பிக்கப் லாரிகளிலும் பெரிய குடும்ப வண்டிகளிலும் இதே வர்க்கத்தைச் சேர்ந்த 4.8, 5.3, 6.0 லிட்டர் யந்திரங்களைப் பொருத்திற்று. விபத்தில் நசுங்கிய அந்த வண்டிகள், நம் ஊர்க் காயலான் கடைகளைப் போன்ற பழைய வண்டி முற்றங்களில் வந்து குவிந்தன. அங்கிருந்து கழற்றியெடுத்த ஒரு சாதாரண 5.3 லிட்டர் யந்திரம், உள்ளே யாதொரு மாறுதலும் செய்யாமலே 270 முதல் 295 குதிரைத்திறன் வரை தருவதோடு, குளிர்காலக் காலையில் ஒரே திருப்பில் கிளம்பவும் செய்கிறது. ஷெவர்லே வண்டிகளோடு நில்லாமல், மாஸ்டா மியாட்டா, நிஸ்ஸான் 240 எஸ்.எக்ஸ்., பழைய வால்வோ என்று இந்த யந்திரம் ஏறாத வண்டி இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

யந்திரத்தை வாங்குவதும் ஏற்றுவதும் இவ்வளவு எளிதாகிவிட்ட போதிலும், அதன் இரு புறங்களிலிருந்தும் எரிந்த வாயுவை வாங்கிக் கீழே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி எதுவாக இருக்கவேண்டும் என்ற கேள்வி மட்டும் இன்றளவும் சிக்கலாகவே இருந்துவருகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் வைத்து, ஒரு பக்கத்து நான்கு குழாய்களையும் முடிவில் கலெக்டர் என்னும் சேர்குழாயில் கூட்டுகிற அமைப்பை ஹெட்டர் என்கிறார்கள். நான்கு துவாரங்களையும் ஒரே வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் திறந்துவிடும் தொழிற்சாலை அமைப்பு மேனிஃபோல்டு எனப்படும். யந்திரம் ஒரு வண்டிக்கென்று பிறந்தது; சேஸிஸ் வேறொரு யந்திரத்துக்கென்று பிறந்தது; இவ்விரண்டுக்கும் நடுவே விரற்கடைக் கணக்கில் மிஞ்சியிருக்கும் இடத்துக்குள் வளைந்து நெளிந்து இறங்கவேண்டியவை இந்தக் குழாய்கள். இவற்றை எல்லா வேலையும் முடிந்த பிறகு வாங்கி மாட்டும் அலங்காரமாக நினைக்கிறவர்கள் இரட்டிப்புப் பணம் செலவிடுகிறார்கள் என்பதும், யந்திரத்தின் ஸ்தானத்தை நிர்ணயிக்கும் அன்றே இவற்றையும் சேர்த்து நிர்ணயிக்கிறவர்கள் சொற்பச் செலவில் கரையேறிவிடுகிறார்கள் என்பதும் பல வண்டிகளின் அடியில் படுத்துப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட திடமான அபிப்பிராயம்.

இக்குழாய்கள் செய்யும் வேலை என்ன என்பதை முதலில் ஆராயவேண்டும். எட்டு சிலிண்டர்களும் கிராங்க் இரண்டு முறை சுற்றுவதற்குள், அதாவது 720 பாகைக்குள், 90 பாகைக்கு ஒன்றாக வெடிக்கின்றன. எல்.எஸ். யந்திரத்தில் அந்த வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றைப்படை எண்ணுள்ள சிலிண்டர்கள் ஓட்டுநர் அமரும் இடப்பக்கத்திலும் இரட்டைப்படை எண்ணுள்ளவை வலப்பக்கத்திலும் இருப்பதால், இடப்பக்கத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் 1, 7, 5, 3 என்ற முறையில் வெடிப்புகள் நிகழ்வதைக் காணலாம். அவற்றுக்கு இடைப்பட்ட தூரமோ 180, 270, 180, 90 பாகை என்று சமமின்றி இருக்கிறது. மொத்த யந்திரம் சீராகத் தாளம் போட்டாலும், ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே தாளம் தவறித்தான் மூச்சு விடுகிறது. அமெரிக்க வி-8 வண்டிகளுக்கே உரிய அந்தக் குமுறும் ஓசை இந்த ஒழுங்கின்மையிலிருந்து பிறப்பதுதான். மூன்றாவது சிலிண்டர் இன்னும் தன் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே, 90 பாகை கழித்து, அதற்கு அடுத்த வீட்டுக்காரனாகிய முதல் சிலிண்டரின் வால்வு திறந்து தன் அழுத்தத்தை வெளியே கொட்டுகிறது. இரண்டும் ஒரே வார்ப்பிரும்புக் கூட்டில் திறந்தால், ஒன்றின் மூச்சு மற்றொன்றின் முகத்தில் அடிக்கிறது. தனித்தனி நீளக் குழாய்கள் இருந்தால் அந்த அழுத்த அலை கீழே இறங்கி மறுபடி மேலேற வேண்டியிருப்பதால், அதற்குள் அண்டைச் சிலிண்டர் தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

இதைக் காட்டிலும் நுட்பமான பயன் ஒன்றும் உண்டு. வால்வு திறந்தவுடன் புறப்படும் அழுத்த அலை, குழாயின் முடிவில் விசாலமான கலெக்டரை அடைந்ததும், தாழ்வழுத்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. சூடான வாயுவில் இந்த அலை வினாடிக்கு ஏறக்குறைய 550 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொண்டால், 90 செ.மீ. நீளமுள்ள குழாயில் அது போய்த் திரும்ப ஒரு வினாடியின் ஆயிரத்தில் 3.3 பங்கு நேரம் பிடிக்கும். நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடும் யந்திரத்தில் ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 10 பங்கு நேரம். ஆகவே அந்தத் தாழ்வழுத்தம், கிராங்க் 120 பாகை நகர்ந்திருக்கும் சமயத்தில், சிலிண்டரில் எஞ்சிய புகை வெளியேறிக்கொண்டிருக்கும் பிற்பாதியில் வந்து சேர்ந்து, அந்தப் புகையை உறிஞ்சி இழுக்க உதவுகிறது. குழாய் 20 செ.மீ. நீளமே இருந்தால் அலை 26 பாகைக்குள்ளாகவே திரும்பிவிடும். அப்போது சிலிண்டரே பெரும் அழுத்தத்தோடு வாயுவைக் கக்கிக்கொண்டிருப்பதால் அந்த வருகையினால் பிரயோஜனம் சிறிதே. குறுங்குழாய் ஹெட்டர்களுக்கும் நல்ல வார்ப்பு மேனிஃபோல்டுக்கும் சக்தியில் அதிக வித்தியாசம் காணாததற்கு இதுவே காரணம்.

சாஸ்திரம் இவ்வளவு அழகாக இருப்பதனால்தான் வண்டிக்காரர்கள் குழாயின் விட்டத்தைப் பற்றியே மணிக்கணக்காக விவாதிக்கிறார்கள். அவர்கள் விவாதிக்கும் அளவுகள் மூன்று: 1⅝ அங்குலம், 1¾ அங்குலம், 1⅞ அங்குலம். தகட்டின் கனத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகையில் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. மாறுதல் செய்யாத 4.8 அல்லது 5.3 லிட்டர் யந்திரத்துக்கு முதல் இரண்டில் எதுவும் போதும், 6.0, 6.2 லிட்டர் யந்திரத்தில் பெரிய கேம்ஷாஃப்ட் வைத்து மேல்சுற்றுகளில் ஓட்டுகிறவருக்கே மூன்றாவது பொருந்தும். தெருவில் ஓடுகிற வண்டியில், சைலன்சரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் பின்னே இருக்கும்போது, நீளக்குழாய் ஹெட்டரினால் கிடைக்கும் ஆதாயம் பொதுவாக ஐந்து சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. 2008-ஆம் ஆண்டு கார்வெட்டில் வந்த எல்.எஸ்.3 யந்திரம் தன் 430 குதிரைத்திறனைத் தொழிற்சாலை மேனிஃபோல்டை வைத்துக்கொண்டே தந்தது என்பதை நினைவில் வைத்தால், ஹெட்டர் இல்லாமல் யந்திரம் மூச்சுத் திணறும் என்ற அச்சம் தானே விலகும்.

ஆதலால் மலிவை நாடுகிறவர் முதலில் பரீட்சிக்க வேண்டியது, யந்திரத்தோடு கூடவே வந்த மேனிஃபோல்டைத்தான். இந்த வர்க்கத்தில் 1997 முதல் வந்த எல்லாச் சிலிண்டர் தலைகளிலும் புகைத் துவாரங்களுக்குரிய போல்ட் அமைப்பு ஒன்றாகவே இருப்பது நமக்குக் கிடைத்த பெரும் சௌகரியம். லாரியின் மேனிஃபோல்டு இடித்தால் வேறு வண்டியினுடையதை வாங்கிப் பொருத்திப் பார்க்கலாம். லாரி மேனிஃபோல்டின் வாய் பக்கவாட்டில் அகன்று இறங்குவதால், குறுகிய கார்ச் சேஸிஸில் அது சட்டத்தின் மேலோ ஸ்டியரிங் தண்டின் மேலோ போய் முட்டுவது உண்டு. 1998 முதல் 2002 வரை வந்த கமாரோ, ஃபயர்பேர்டு வண்டிகளின் மேனிஃபோல்டுகளும், 2010-க்குப் பின் வந்த கமாரோவினுடையவையும் உடலோடு ஒட்டி இறங்குகின்றன. பழைய சேஸிஸ் பலவற்றில் அவை அடங்கியதாக அனுபவஸ்தர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் கண்டிருக்கிறேன். இவையும் பொருந்தாவிட்டால், யந்திர மாற்றத்துக்கென்றே ஹுக்கர் கம்பெனி வார்த்து விற்கும் இரும்பு மேனிஃபோல்டுகள் இருக்கின்றன. வார்ப்பிரும்பு ஓசையை அடக்குகிறது; உஷ்ணத்தைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது; கேஸ்கட்டை அழுத்தமாகப் பிடிக்கிறது; இருபது ஆண்டுகளானாலும் ஓட்டை விழுவதில்லை. இத்தனை குணங்களையுடைய ஒரு பொருளை, பளபளப்பு இல்லை என்ற ஒரே குற்றத்துக்காகத் தூக்கி எறிவது எனக்கு உடன்பாடில்லை.

மேனிஃபோல்டு எதுவும் அடங்காதபோதும், ஓட்டுகிறவருக்கு அந்த ஐந்து சதவீதம் உண்மையாகவே வேண்டியிருக்கும்போதும், ஹெட்டரை நாடுவது நியாயமே. இந்தத் தொழில் அமெரிக்காவில் புதிதன்று. ஹெட்மன் கம்பெனி 1954-லும் ஹுக்கர் 1962-லும் தொடங்கியவை. இன்று கிடைக்கும் வகைகளில் பிளாக்கை ஒட்டியே இறங்கும் மிகக் குறுகியது ஒன்று. அதைவிடச் சற்று நீண்டு தொழிற்சாலைக் குழாயின் இடத்திலேயே முடிவது ஒன்று. கியர்பெட்டியின் முகப்பு வரை வரும் நடுத்தர நீளமுள்ளது ஒன்று. அதையும் தாண்டிச் செல்லும் நீளக்குழாய் ஒன்று. தெரு வண்டிக்கு நடுத்தர நீளத்தையே நான் சிபாரிசு செய்வேன். நீளக்குழாயின் கலெக்டர் சேஸிஸுக்குக் கீழே தொங்கி, ஒவ்வொரு வேகத்தடையிலும் உரசி, ஒரு வருஷத்துக்குள் அடிப்பகுதி தட்டையாகிப்போன வண்டிகளை நிறையப் பார்த்தாயிற்று.

இடம் பொருந்துவது என்ற விஷயத்துக்கு இப்போது வருகிறேன். பணமும் காலமும் விரயமாவது பெரும்பாலும் இங்கேதான். ஒஹாயோ மாநிலத்தில் என் நண்பர் ஒருவர் 1970-ஆம் வருஷத்து ஷெவர்லே நோவா வண்டியில் 5.3 லிட்டர் யந்திரத்தை ஏற்றினார். 1968 முதல் 1974 வரை வந்த நோவாவின் முன்சட்டம் 1967-69 கமாரோவினுடையதைப் போன்றது. ஸ்டியரிங் கம்பிகள் முன்சக்கரங்களின் அச்சுக்குப் பின்புறமாக, ஆயில் பேனுக்கு அடியில் குறுக்கே ஓடுகின்றன. லாரியின் ஆயில் பேன் ஆழமானதாகையால் அந்த வண்டிக்கு உதவாது; அதற்கென்று தனிப் பேன் வாங்கவேண்டும். எல்.எஸ். பிளாக்கில் மவுண்டுக்கென்று பக்கத்துக்கு நான்கு போல்ட் துவாரங்கள். பழைய ஷெவர்லே யந்திரத்திலோ மூன்று. இரண்டையும் இணைக்கும் தட்டுகள் பல அளவுகளில் விற்கின்றன, சில யந்திரத்தைப் பழைய இடத்திலேயே நிறுத்தும், சில ஓர் அங்குலம் பின்னே தள்ளும். நண்பர் தட்டை ஒரு கடையிலும் பேனை ஒரு கடையிலும் வாங்கி, யந்திரத்தை இறக்கி முடுக்கியபின், விலை மலிவாக இருந்தது என்பதற்காக ஹெட்டரை மூன்றாவதாக ஒரு கம்பெனியிடம் தருவித்தார். அந்த ஹெட்டரைச் செய்தவர்கள் யந்திரம் வேறொரு ஸ்தானத்தில் நிற்கும் என்று எண்ணிச் செய்திருக்கிறார்கள். பெட்டியின் மேல் அதைப்பற்றி ஒரு வரியும் அச்சிட்டிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் நானும் அவருமாக வண்டியைத் தாங்கிகளின் மேல் ஏற்றிவிட்டு அடியில் நுழைந்தோம். இடப்பக்கத்துப் பின்குழாய்க்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவில் ஒரு தபால் கார்டைச் செருகிப் பார்த்தேன். கார்டு நுழைந்தது, மடித்த கார்டு நுழையவில்லை. வண்டி நிற்கும்போது இருக்கும் இடைவெளி ஓடும்போது இருப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரப்பர் மவுண்டின் மேல் நிற்கும் யந்திரம், காலை அழுத்தியவுடன் இடப்பக்கம் மேலெழும்ப, வலப்பக்கம் தாழத் திரும்புகிறது. குழாய்களும் அதோடு சேர்ந்து நகர்கின்றன. எந்தப் பொருளுக்கும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விடவேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி. அதிலும் ஸ்டியரிங் தண்டின் விஷயத்தில் எவ்விதச் சமாதானமும் கூடாது, ஏனெனில் அங்கே குழாய் தட்டினால் சக்கரம் திருப்பும் கை தடைபடும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக்கிக் குழாய்க்கும் தண்டுக்கும் நடுவில் ஒட்டி, யந்திரத்தைக் கடப்பாரையால் இரு பக்கமும் நெம்பிவிட்டு, பிறகு களிமண்ணைப் பிய்த்துக் கனத்தை அளந்தால், மிஞ்சும் இடம் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். எங்கள் களிமண் காகிதமாகத் தட்டையாகியிருந்தது.

ஸ்டியரிங் தண்டு ஒன்றுதான் என்றால் சமாளித்துவிடலாம். எல்.எஸ். யந்திரத்தின் ஸ்டார்ட்டர் வலப்பக்கத்தில் இருக்கிறது. குழாய் அதை ஒட்டிப் போனால், நெடுந்தூரம் ஓடி நிறுத்திய வண்டி, பெட்ரோல் பங்கில் திரும்பக் கிளம்ப மறுத்துவிடும். ஆயில் ஃபில்ட்டர் இடப்பக்கத்துப் பின்மூலையில் இருக்கிறது. அதைக் கழற்ற வழியில்லாத ஹெட்டரை மாட்டியவர், ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் ஹெட்டரைத் தளர்த்தவேண்டும். எண்ணெய் அளக்கும் குச்சியின் குழல், பிரேக் குழாய், ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் இடப்பக்கத்தில் வந்து சேரும் கியர்க் கேபிள், ஸ்பார்க் பிளக்கின் ரப்பர்த் தொப்பி ஆகியவை ஒவ்வொன்றும் சூட்டுக்கு இரையாகக்கூடியவை. பிளக்கைக் கழற்றும் சாவி நுழைகிறதா, ஹெட்டரின் ஒவ்வொரு போல்ட்டின் மேலும் சாவி உட்காருகிறதா என்று வாங்குமுன் விசாரித்தே ஆகவேண்டும். மவுண்ட் தட்டு, ஆயில் பேன், ஹெட்டர், கியர்பெட்டிக்கு அடியில் வரும் குறுக்குச்சட்டம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று பரீட்சித்து, இன்ன சேஸிஸுக்கு இன்ன தொகுதி என்று எழுதி விற்கும் கம்பெனியிடம் வாங்குவது, தனித்தனியே மலிவு தேடுவதைவிட முடிவில் மலிவாகவே முடிகிறது.

அந்த ஹெட்டரில் இன்னொரு குறையையும் அன்று கண்டோம். தலையோடு ஒட்டும் ஃபிளேஞ்சை மேஜைமேல் வைத்து, நேர்கோல் ஒன்றை அதன் நீளவாக்கில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் நடுவில் அளந்தபோது அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தது. நான்கு குழாய்களையும் ஒரே பக்கத்தில் வெல்டிங் செய்யும்போது அந்தச் சூட்டில் தகடு வில்லாக வளைவது இயல்பு. நல்ல பட்டறைகள் வெல்டிங்குக்குப் பிறகு அதை மறுபடி சமன் செய்கின்றன, மலிவுப் பட்டறைகள் செய்வதில்லை. ⅜ அங்குலக் கனமுள்ள ஃபிளேஞ்ச் குறைவாக வளையும், கேஸ்கட்டையும் நன்றாக அழுத்தும்; கால் அங்குலத் தகட்டை நான் தொடமாட்டேன். துவாரத்தின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவி, வெல்டிங் கட்டி உள்ளே புடைத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். விட்டத்தில் ⅛ அங்குலம் கூட்டிப் பெறும் லாபத்தை அந்த ஒரு கட்டி விழுங்கிவிடும்.

உலோகத்தைப் பற்றிய விவாதத்தில் எவர்சில்வர் என்ற சொல்லே பலரை மயக்கிவிடுகிறது. 304 என்ற எண்ணுள்ள எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது மெய். ஆயினும் அது சூட்டில் மிகுதியாக நீள்கிறது. 90 செ.மீ. குழாய் 500 டிகிரி சூடேறினால், அது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளும். சாதாரண எஃகு ஏறக்குறைய 6 மில்லிமீட்டரே நீளும். இந்த நீட்சியைத் தாங்கும்படி வளைவுகள் அமையாத மலிவு எவர்சில்வர் ஹெட்டர்கள் வெல்டிங் ஓரத்திலே கீறல் விடுகின்றன. தொழிற்சாலைகள் தம் குழாய்களுக்கு விரும்பி உபயோகிக்கும் 409 வகை அவ்வளவு பளபளப்பதில்லை, மேலே பழுப்பேறும். ஆனால் அதன் நீட்சி சாதாரண எஃகை ஒத்திருக்கிறது, விலையும் குறைவு. காந்தத்தைக் கையில் எடுத்துச் செல்கிறவருக்கு இதைக் கண்டறிவது எளிது: 409 காந்தத்தைப் பிடிக்கும், 304 வளைத்த இடங்களில் சற்றே இழுப்பதைத் தவிரப் பெரும்பாலும் பிடிக்காது. சாதாரண எஃகில் கறுப்புச் சாயம் பூசி விற்பவை சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. அந்தச் சாயம் முதல் நாளே புகைந்து போய்விடும், உப்புத் தூவிய குளிர்காலச் சாலைகளில் ஓடினால் சில வருஷங்களில் துரு தின்றுவிடும். அதே எஃகின்மேல் பீங்கான் பூச்சு ஏற்றியது சற்று விலை கூடினாலும் தெரு வண்டிக்கு மிகப் பொருத்தமானது என்று கருதுகிறேன். ஆயிரம் டாலரைத் தாண்டும் எவர்சில்வரை, ஆண்டு முழுவதும் வெளியில் நிற்கும் வண்டிக்கே நான் சொல்வேன். குழாயைச் சுற்றி நாடா கட்டும் பழக்கமும் ஒன்று உண்டு. சாதாரண எஃகுக் குழாயில் அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துத் துருவை வளர்ப்பதால், அவ்வாறு கட்டினால் தங்கள் உத்தரவாதம் செல்லாது என்று எழுதிவைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு.

கசிவைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கம்ப்யூட்டர் யந்திரத்தில் கசிவு வெறும் ஓசையோடு போவதில்லை. ஒவ்வொரு பக்கத்துக் குழாயிலும் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று இருக்கிறது; காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு ஒன்று என்ற எடை விகிதத்தில் கலக்கின்றனவா என்று அது சொல்ல, கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. சென்சாருக்கு முன்னால் எங்கேனும் ஒரு மயிரிழைக் கசிவு இருந்தால், அலைகளின் தாழ்வழுத்த வேளையில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. அந்தக் காற்றின் ஆக்ஸிஜனைக் கண்ட சென்சார், பெட்ரோல் போதவில்லை என்று தவறாகச் சொல்கிறது. கம்ப்யூட்டர் மேன்மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது. மைலேஜ் குறைந்து, பிளக் கறுத்து, உரியவர் ஊசிகளையும் பம்புகளையும் வாங்கி மாற்றிக்கொண்டிருப்பார். குற்றவாளியோ மலிவு கேஸ்கட். ஹெட்டரோடு வரும் அட்டைக் கேஸ்கட்டை ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலையில் உபயோகிக்கும் பல அடுக்கு எஃகுக் கேஸ்கட்டை வாங்குவது, இந்த விஷயம் முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த நன்மை தரும் காரியம். கலெக்டரின் முடிவில் மூன்று போல்ட்டும் தட்டைத் தகடுமாக வரும் பழைய மூட்டு அடிக்கடி கசியும். உருண்டையும் குழியுமாகப் பொருந்தும் மூட்டோ, வளையப் பட்டையால் இறுக்கும் மூட்டோ இருந்தால் அதற்குச் சற்று அதிகம் கொடுக்கலாம். சென்சார் அமரும் துவாரம் படுக்கைக் கோட்டுக்கு மேலே பத்துப் பாகையேனும் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிடில் காலையில் குழாயில் ஊறும் நீர் அதன் மூக்கில் தங்கி அதைக் கெடுத்துவிடும்.

சட்டத்தை மறந்துவிட்டு வாங்கிய ஹெட்டர் எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை. கலிஃபோர்னியாவில் 1975-ஆம் ஆண்டும் அதற்கு முந்தியதுமான வண்டிகளுக்குப் புகைப் பரீட்சை இல்லை. 1976 முதல் வந்த வண்டியில் யந்திரம் மாற்றினால், புது யந்திரம் வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்திய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்கவேண்டும், அந்த யந்திரத்துக்குரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் எல்லாம் கூடவே வரவேண்டும், மத்தியஸ்தர் எனப்படும் பரிசோதகரிடம் காட்டி அங்கீகாரம் பெறவேண்டும். கன்வர்ட்டரைத் தொலைவுக்குத் தள்ளிவிடும் நீளக்குழாய் அங்கே செல்லாது. மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் பெற்ற குறுங்குழாயோ, தொழிற்சாலை மேனிஃபோல்டோதான் செல்லும். மற்ற மாநிலங்களில் பரிசோதனை இத்தனை கடுமையாக இல்லாவிட்டாலும், கன்வர்ட்டரை நீக்குவதை மத்திய அரசின் சுத்தக் காற்றுச் சட்டம் எங்குமே தடுக்கிறது. நம் நாட்டில் இத்தகைய மாற்றங்களை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும், இதைப் படித்து ஆசை கொள்ளும் இளைஞர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். கன்வர்ட்டர் இல்லாத வண்டியின் பின்னால் ஒரு சிக்னலில் காத்து நின்றவர் எவரும் இந்தச் சட்டங்களை அதிகப்படி என்று சொல்லத் துணியமாட்டார்.

நண்பரின் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். ஹெட்டரின் விலை குறைவுதான். அதோடு வேறு மவுண்ட் தட்டு, ஸ்டார்ட்டருக்கு உஷ்ணக் கவசம், சென்சார் கம்பிக்கு நீட்டுக் கம்பி, ஃபிளேஞ்சைச் சமன் செய்யப் பட்டறைக் கூலி, இரண்டு வார இறுதிகள் என்று எழுத எழுத, பெயர்பெற்ற கம்பெனியின் முழுத் தொகுதியையே வாங்கியிருக்கலாம் என்று தெரிந்தது. அவர் ஹெட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய வண்டி முற்றத்திலிருந்து 2010-க்குப் பிந்திய கமாரோ ஒன்றின் மேனிஃபோல்டுகளை வாங்கி வந்தார். வாங்கியதை மாட்டுமுன் தலையிலிருந்த பழைய போல்ட்களைக் கவனித்தோம்; லாரி யந்திரங்களில் பின்மூலைப் போல்ட்கள் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடுவது பெரும்பாலும் காணும் தொல்லை, அவருடையதிலும் ஒன்று அப்படி நின்றது. முறிந்த தண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு ஆறியபின் மெதுவாகத் திருப்பினால் அது வெளியே வந்துவிடும். யந்திரம் வெளியே இருக்கும்போது செய்தால் கால் மணி நேர வேலை, வண்டிக்குள் இறக்கியபின் செய்தால் ஒரு முழு நாள்.

புதிய 8 மில்லிமீட்டர் போல்ட்களை எடுத்து, புது எஃகுக் கேஸ்கட்டை வைத்து, நடுவிலிருந்து இரு ஓரத்துக்குமாக முதல் சுற்றில் 11 அடி-பவுண்டும் இரண்டாம் சுற்றில் 18 அடி-பவுண்டும் என்று டார்க் ரெஞ்சால் முடுக்கினோம். ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் இப்போது என் கட்டைவிரல் தாராளமாகப் போய்வந்தது. மாலை ஆறு மணிக்கு யந்திரத்தைக் கிளப்பி, அரைமணி நேரம் ஓடவிட்டு, கசிவின் டிக் டிக் என்ற ஓசை எங்கேனும் வருகிறதா என்று ரப்பர்க் குழாய் ஒன்றைக் காதில் வைத்து எட்டுத் துவாரங்களையும் நாடிப் பார்த்தோம், ஒன்றிலும் இல்லை. இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காலை நண்பர் அதே சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்குள் குனிந்தார். ஒரு முறை சூடேறி ஆறிய கேஸ்கட் படிந்திருந்ததால், இடப்பக்கத்துக் கடைசிப் போல்ட் மட்டும் இன்னும் கால் திருப்பு ஏறியது.